ஒன்பதாம் எண் எழுத்து

அத்தியாயம் 4

கல்யாணம் நின்றுவிட்டது என்று சொல்லும் அந்த நோட்டீஸ் மிக நன்றாக அச்சாகியிருந்தது. என்னை முதலில் உறுத்தியது அதுதான்.

கெட்ட செய்தியைக் கொண்டுவரும் தாள்கள் அவசரத்தில் பிறந்தவை. மை ஓரத்தில் கசிந்திருக்கும், கடைசி வரி சறுக்கி விழுந்திருக்கும். இந்தத் தாளில் எழுத்துகள் பெரிதாக, தடிப்பாக, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்கும் ஆட்களைப்போல நிமிர்ந்து நின்றன. வரிக்கும் வரிக்கும் நடுவே தாராளமாக இடம். அசாம் ஜாவா ரோட்டில், குழிக்குக் குழி எகிறும் ஹோண்டா கப்பின் பின்சீட்டில் உட்கார்ந்து, காற்றில் படபடத்த அந்தத் தாளை நான் ஒரு சொல் விடாமல் படித்தேன்.

'கார்த்திகேசு - வள்ளியம்மா தம்பதியரின் மகள் கலாவதிக்கும் சுங்கை பஞ்சாங் தங்கராஜுவுக்கும் வரும் ஞாயிற்றுக்கிழமை நடைபெறவிருந்த திருமணம், தவிர்க்க இயலாத காரணங்களால் நடைபெறாது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

அதே கல்யாணத்தின் அழைப்பிதழும் என் கைப்பையில் இருந்தது. சிவப்பு அட்டை, தங்க மை, கொடியும் கொழுந்துமாகச் சுருண்டுகொண்ட எழுத்து. மாப்பிள்ளையின் பெயரைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ராத்திரி ஆயிற்று.

"அதப் படிக்கக் கண்ணாடி பத்தாதுக்கா, பூசாரி வேணும்லா" என்றாள் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த தங்கமணி.

தங்கமணி என் உதவியாளர். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள், வயது இருபத்தாறு. வண்டி அவளுடையது, வாயும் அவளுடையது. என் பெயர் கைருன்னிசா. பதினொரு வருடம் கோலா சிலாங்கூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். அவர் மௌத்தான பிறகு, தையல்கடைக்கு மேல்மாடியில் ஒரு மேசையைப் போட்டு 'துப்பு விசாரணை' என்று பலகை மாட்டினேன். படியேறி வருகிறவர்களில் பாதிப்பேர் ரவிக்கைக்கு என்ன கூலி என்றுதான் விசாரிக்கிறார்கள்.

நேற்று வந்தவர் ரவிக்கை தைக்க வந்தவரல்லர். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் கார்த்திகேசு. கோயில் தலைவரும் அவரே. நாற்காலியின் விளிம்பில்கூட உட்காராமல் உத்தரவு போட்டார்.

"முந்நூறு வீட்டுக்குப் போயிருக்கு இந்தத் தாளு. என் பேருல, என் கோயில் சாப்பு முத்திர குத்தி ஆர்டர் குடுத்திருக்கான். செஞ்சவன் யாருன்னு எனக்குத் தெரியும். ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி சிவானந்தம். எம்மவ எழுதுன கவிதைய அவன் மன்றத்துப் பத்திரிகையில போட்டவன்."

"தெரிஞ்சா என்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

"வெள்ளிக்கிழம காலையில மேனேஜர்கிட்ட புகார் குடுக்கப் போறேன். அவன் வேலயும் போவணும், வீடும் போவணும். வெள்ளக்கார மேனேஜரா இருந்தா என் வாய்ச்சொல்லே போதும். இப்ப உள்ளவரு சாட்சி கேக்குறாரு. நீ ஒரு அறிக்க எழுதிக் குடுத்தா போதும். ஞாயித்துக்கிழம கல்யாணம் நடந்தே தீரும்."

ஒரு மனிதரின் வேலையைப் பறிக்க என் கையெழுத்து தேவைப்பட்டது. இதைவிட மரியாதையான அழைப்பு அந்த ஆண்டில், எண்பத்தாறில், எனக்கு வந்ததில்லை.

---

கிஃபாயத்துல்லா நானாவின் அச்சகம் கோலா சிலாங்கூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்தது. ஊருக்கே அண்ணனான நானாவுக்கு அறுபது வயது. அச்செழுத்துகளைத் தான் பெற்ற பிள்ளைகளைப்போல வளர்க்கிறவர். எல்லாப் பெற்றோரையும்போல ஒரு பிள்ளைமேல் மட்டும் அவருக்குக் கூடுதல் பிரியம்.

"மூணாம் எண்ணு. மயிலிறகுன்னு பேரு வெச்சிருக்கேன். மெட்ராஸ்லேருந்து வந்தது. மண்டோரு வீட்டுப் பத்திரிகை இதுலதான். பாரு தங்கச்சி, அந்த 'ழ'வ மட்டும் பாரு."

பார்த்தேன். வயிற்றுவலி வந்த மயில் ஒன்று தெரிந்தது.

"இதுக்குக் கூடுதல் ரேட்டா நானா?"

"பின்ன? வேலப்பாடு இருக்குல்ல."

"படிக்க முடியலயே" என்றாள் தங்கமணி.

"கல்யாணப் பத்திரிகைய யாரு புள்ள படிக்கிறா? பாப்பாங்க. தேதியக் கேட்டுத் தெரிஞ்சிக்குவாங்க."

அவர் சொன்னது உண்மைதான். அந்த உண்மையால், போன மாதம் நிச்சயதார்த்தத்துக்குப் போன பெரியப்பா ஒருவர் தஞ்சோங் காராங்கில் முன்பின் தெரியாதவர்களின் வீட்டில் இரண்டு பந்தி சாப்பிட்டுவிட்டு வந்தார்.

நோட்டீஸை எடுத்து மேசைமேல் வைத்தேன். நானாவின் முகம் வாடியது.

"என் பேரே கெட்டுப்போச்சு. எனக்கென்ன தெரியும்? ஆர்டர் வந்துச்சு, அடிச்சேன்."

ஆர்டர் வந்த விதத்தையும் சொன்னார். தோட்டத்து முச்சந்தியில் ஒரு தகர டப்பா தொங்குகிறது. மருந்துச் சீட்டு, மளிகைச் சீட்டு என்று டவுனுக்குப் போக வேண்டியவற்றையெல்லாம் அதில் போட்டுவிடுவார்கள். பஸ் கண்டக்டர் எடுத்துவந்து கடைக்குக் கடை கொடுப்பார். போன வியாழக்கிழமை நானாவுக்கு ஓர் உறை வந்தது. உள்ளே கூலியும், அவர் அச்சகத்தின் நிரப்பப்பட்ட ஆர்டர் பாரமும் இருந்தன.

அந்தப் பாரத்தை வாங்கிப் பார்த்தேன். சோம்பேறிகளுக்காக அல்லாஹ் இறக்கி வைத்ததுபோல இருந்தது. நானாவின் மாதிரி ஆல்பத்தில் எல்லாவற்றுக்கும் எண் உண்டு. கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று இருபது வாசகங்கள். பதினொரு எழுத்து வகைகள். வாடிக்கையாளர் எண்ணை மட்டும் நிரப்பினால் போதும். 'வாசகம்: 14. எழுத்து: 9.' 'பெயர்களும் முகவரிகளும் முன் ஆர்டரில் உள்ளபடி' என்ற வரிக்கு எதிரே ஒரு கோடு. 'தபாலில் அனுப்பவும்' என்பதற்கு எதிரே இன்னொரு கோடு. கீழே கோயில் முத்திரை. கையெழுத்தென்று ஓர் எழுத்துகூட இல்லை.

"பதினாலாம் வாசகம்னா?"

"கல்யாணம் நின்னுபோச்சுங்கற வாசகம். ஆல்பத்துல சும்மா ஒரு ஒழுங்குக்குப் போட்டு வெச்சேன். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"ஆல்பம் மண்டோர் வீட்டுல இருந்துச்சா?"

"போன வாரம் வரைக்கும் இருந்துச்சு, கூடவே வெத்து ஆர்டர் பாரம் நாலும். பத்திரிகைக்கு எழுத்துப் பாக்க. அந்தக் கிராணித் தம்பிதான் வந்து இங்கிலீஷ் பக்கத்த எழுதிக் குடுத்துச்சாம்."

"ஒன்பதாம் எண் எழுத்து எப்படிப்பட்டது நானா?"

அவர் உதட்டைப் பிதுக்கினார். வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் முன்னால், படிப்பு வராத பிள்ளையைக் காட்டச் சொன்னதுபோல.

"அதுக்குப் பேரே வெக்கல. தோட்டத்து வகுப்புக்குன்னு ஒரு அரிச்சுவடி அடிக்கச் சொன்னாங்க, பத்துப் பன்னெண்டு வருஷம் இருக்கும். அதுக்காக வாங்குனது. மொட்ட எழுத்து. வேலப்பாடு கிடையாது. அது ரேட்டும் கம்மி."

"படிக்க முடியுதே" என்றாள் தங்கமணி.

"அது மட்டுந்தான் முடியும்" என்றார் நானா.

---

தோட்டத்து ஆபீஸில் சிவானந்தம் சம்பளப் பதிவேட்டை எழுதிக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, சட்டைப்பையில் மூன்று நிறத்தில் பேனா. வேலை போகப்போகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் நான் நோட்டீஸை நீட்டியதும் அவர் முகத்தில் வந்தது பயமல்ல.

"அக்கா, நீங்களே சொல்லுங்க. நான் செஞ்சிருந்தா இந்த எழுத்துலயா போடுவேன்?"

"வேற எதுல போடுவீங்க?"

"எட்டாம் எண்ணு" என்றார் யோசிக்காமல். "மெல்லிசா இருக்கும். ஒரு சோகம் இருக்கும் அதுல. எழுத்துக்குன்னு ஒரு குணம் இருக்குங்கக்கா. கல்யாணம் நின்னுபோச்சுன்னு சொல்ற எடத்துல, சின்னப் புள்ளைங்களுக்கு அணில் ஆடுன்னு சொல்லிக் குடுக்கிற எழுத்தப் போடுவாங்களா? மண்டோரு என்னத் திருடன்னு சொல்லட்டும். ரசன இல்லாதவன்னு சொல்லக்கூடாது."

தங்கமணி என் காதருகே குனிந்தாள். "அக்கா, இவரு இல்ல. இவரு செஞ்சிருந்தா ஓரத்துல ரெண்டு புறா வரைஞ்சி, கீழ கையெழுத்தும் போட்டிருப்பாரு."

நானும் அப்படித்தான் நினைத்தேன். மனிதர்கள் குணத்தை மறைத்துக்கொள்வார்கள், கோபத்தை மறைத்துக்கொள்வார்கள். ரசனையை மறைக்கத் தெரிந்த ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

"மண்டோர் வீட்டுல தமிழ் படிக்கிறவங்க யார் யாரு?"

"மண்டோரு படிப்பாரு. கலாவதி படிப்பாங்க." பெயரைச் சொல்லும்போது பேனாவை ஒருமுறை மூடித் திறந்தார். அவ்வளவுதான் அவருடைய குற்றம். "அவங்கம்மா வள்ளியம்மா அக்கா கைநாட்டு. ரப்பர் பால்மரம் வெட்டுறாங்க. சம்பளத்தன்னிக்கு இங்கதான் வருவாங்க. ஆனா ரொம்ப கெட்டிக்காரங்க. மத்தவங்களுக்கு நான் வெரலப் புடிச்சி எடம் காட்டணும். அவங்களுக்கு வேணாம். அவங்க பேருக்கு நேரா தானே வெச்சிடுவாங்க."

"பழக்கமாயிருக்கும்."

"அதான் இல்ல. போன மாசம் பேரு வரிசையவே மாத்தி எழுதுனேன். அப்பவும் சரியா வெச்சாங்க. என்னா ஞாபகசக்தி!"

நான் தங்கமணியைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே வண்டிச் சாவியைக் கையில் எடுத்திருந்தாள்.

வெளியே வந்து வண்டியருகே நின்றோம். செம்பனைக் குலைகள் ஏற்றிய லோரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

"எழுத்தைத் தேர்ந்தெடுக்கிறது மாதிரி மனசைக் காட்டிக்கொடுக்கிற வேலை வேற இல்லை தங்கமணி" என்றேன். "கார்த்திகேசு மத்தவங்க வாயைப் பிளக்கணும்னு மூணாம் எண்ணை எடுத்தார். சிவானந்தம் தன் சோகத்தை மத்தவங்க ரசிக்கணும்னு எட்டாம் எண்ணை எடுப்பார். ஒன்பதாம் எண்ணை யார் எடுப்பாங்க?"

"கண்ணு மங்குனவங்க. இல்லன்னா கஞ்சப் பிசினாறி."

"இல்லை. அச்சடிச்ச தாள் வீட்டுக்கு வரும்போது, தான் சொன்னதுதான் அதுல இருக்கான்னு தானே படிச்சுப் பார்க்க வேண்டியவங்க. வேற யார்கிட்டயும் படிக்கச் சொல்லிக் கேட்க முடியாதவங்க."

"இப்ப எங்கக்கா போறது?"

"நானாகிட்ட. ஒன்பதாம் எண்ணில் எனக்கு ஓர் அட்டை வேணும்."

---

மாலை நான்கு மணிக்கு வரிசை வீடுகளான லயத்தின் கடைசியில் இருந்த மண்டோர் வீட்டுக்குப் போனோம். மண்டோர் கோயிலில் பந்தல்காரனை மிரட்டப் போயிருந்தார். கலாவதி கதவைத் திறந்தாள். இருபத்திரண்டு வயது. கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று ஊரே பேசிக்கொண்டிருக்க, அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பத்திரிகைக்கு எழுத்து நீயாம்மா பார்த்தே?"

"எனக்கு ஏழாம் எண்ணு பிடிச்சிருந்துச்சு. யாரும் கேக்கல."

"மாப்பிள்ளையும் அப்படித்தானா?" என்றாள் தங்கமணி.

கலாவதி ஒரு பாவாடையை மடித்தாள். பிறகு அதைப் பிரித்து மறுபடி மடித்தாள். நான் தங்கமணியின் காலை மிதித்தேன். சில கேள்விகள் சரியாக இருப்பதாலேயே கேட்கக்கூடாதவை.

அடுப்படியில் வள்ளியம்மா எங்களுக்குக் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தார். அகலமான கைகள், ரப்பர் பால் காய்ந்து கறுத்த நகக்கண்கள். நான் முதலில் சிவப்பு அழைப்பிதழை அவர் முன்னால் பிடித்தேன். அவர் அதை வெறுமையாகப் பார்த்தார். அந்த வெறுமையில் நடிப்பு எதுவும் இல்லை. மயிலிறகை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"எனக்கென்னம்மா தெரியும், நான் கைநாட்டு" என்றார்.

"பரவாயில்லைக்கா" என்று சொல்லிவிட்டு, அடுத்த அட்டையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். ஒன்பதாம் எண்ணில் நானா அடித்துக் கொடுத்த ஒரே வரி.

'உங்கள் தோளில் பல்லி.'

வள்ளியம்மாவின் கை பட்டென்று தோளைத் தட்டியது.

தட்டிய கை அங்கேயே நின்றது. படிக்கத் தெரிந்தவர்கள் பாவம். அவர்களுக்குப் படிக்காமல் இருக்கத் தெரியாது. அதிலும் எழுத்து தெளிவாக இருந்துவிட்டால் தப்பிக்கவே வழியில்லை.

"பல்லி இல்லக்கா" என்றாள் தங்கமணி மெதுவாக. "மன்னிச்சிடுங்க."

வள்ளியம்மா மணைக்கட்டையில் உட்கார்ந்தார். "யாருகிட்டயாச்சும் சொல்லிட்டீங்களா?" என்றார்.

"இல்லை."

"நாங்க பொம்பளைங்க தையல் வகுப்புன்னு சொல்லிட்டுப் போனோம். பன்னெண்டு வருஷமாச்சு. இராஜம்மா டீச்சரு ஒரு மணி நேரம் தைக்கச் சொல்லிக் குடுப்பாங்க, ஒரு மணி நேரம் படிக்க. தையல் எனக்கு வரவே இல்ல."

"வீட்டுல சொல்லலையா?"

"மொத நாளு சொல்ல வந்தேன். 'ஒனக்கெதுக்குடி'ன்னு சிரிச்சாரு. சிரிப்புன்னா அந்தச் சிரிப்பு." கரண்டியைத் துடைத்து வைத்தார். "அப்புறம் சொல்லல. அதுலயும் ஒரு சௌகரியம் இருந்துச்சும்மா. கைநாட்டு முன்னால யாரும் எதையும் ஒளிக்க மாட்டாங்க."

எழுந்துபோய் அரிசி டின்னுக்குள் கையை விட்டு ஒரு கடிதத்தை எடுத்து வந்தார். மாப்பிள்ளையின் அண்ணன், கார்த்திகேசுவுக்கு எழுதியது. மூன்று வாரத்துக்குமுன் வந்ததாம். படித்துவிட்டு, மனைவியின் கண்ணெதிரே சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார் மண்டோர். புருஷன் தேடவே மாட்டார் என்று தெரிந்த இடத்தில் வள்ளியம்மா அதை மாற்றி வைத்தார். அடுப்படியில்.

சங்கிலிபோலப் பின்னிக்கொண்ட கையெழுத்து. ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்துப் படிக்க அவருக்கு ஆறு நாள் ஆகியிருக்கிறது. நான் ஒரு நிமிடத்தில் படித்தேன். தங்கராஜுவுக்குச் செகிஞ்சானில் ஒரு மனைவி. மூன்று வயதில் ஒரு குழந்தை. கோயிலில் தாலி கட்டியது உண்மை, பதிவு செய்யவில்லை, ஆகவே சட்டப்படி அது கல்யாணமே இல்லை என்று அண்ணன்காரர் விளக்கியிருந்தார். கோயில் திருப்பணிக்குத் தாங்கள் ஒப்புக்கொண்டபடி பணம் தருவதாகவும், கல்வெட்டில் மண்டோர் பெயரே முதலில் வரும் என்றும் எழுதியிருந்தார்.

"சத்தம் போட்டிருக்கலாமே அக்கா?" என்று கேட்டாள் தங்கமணி.

"போட்டா? 'எவன் படிச்சிக் காட்டுனான்'னு கேப்பாரு. நாந்தான் படிச்சேன்னா நம்ப மாட்டாரு. 'எங்க, படி பாப்போம்'னு கடுதாசிய நீட்டுவாரு. இந்த எழுத்து எனக்குத் தடுக்கும்மா. ஒவ்வொரு வார்த்தையிலயும் தடுக்கும். சிரிப்பாரு. எம்மவ முன்னால சிரிப்பாரு. அதுக்கப்புறம் கடுதாசியில உள்ளது எதுவும் நெசமில்லன்னு ஆயிடும்."

"சிவானந்தத்துக்கு வேலை போகப்போவுது. தெரியுமா?" என்றேன்.

தெரிந்திருக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டார். "அய்யோ. அந்தப் புள்ள மேலயா சொல்றாரு?"

நான் கோப்பியைக் குடித்தேன். எனக்கும் ஒரு காலத்தில் ஒரு கடிதம் கிடைத்தது. என் கணவரின் சட்டைப்பையில் இருந்தது, இன்னொருத்தி எழுதியது. நான் ஆறு நாள் எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கவில்லை. சரளமாகப் படித்தேன். படித்துவிட்டு, இருந்த மடிப்பிலேயே மடித்து, இருந்த பையிலேயே வைத்து, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டினேன். மூன்று மொழி படித்தவளுக்கு அவ்வளவுதான் செய்யத் தெரிந்தது. கைநாட்டு என்று பெயரெடுத்தவர் முந்நூறு வீட்டுக்குத் தபால் அனுப்பியிருக்கிறார்.

"அக்கா, இந்தக் கடிதத்தை ஒரு நாளைக்கு எனக்குக் கொடுங்க" என்றேன். "நாளைக்குச் சாயந்திரம் அவரைப் பார்க்க வருவேன். கையில் ஒரு தாள் இருக்கும். நீங்க கை நீட்டினா உங்ககிட்ட கொடுப்பேன். நீட்டலைன்னா, யாரு செஞ்சாங்கன்னு தெரியலை, சிவானந்தம் மட்டும் இல்லைன்னு சொல்லிட்டுப் போய்டுவேன். உங்க பேரு என் வாயில வராது."

"தெரியலன்னு சொன்னா கல்யாணம் நடக்குமா?"

"நடக்கும்."

வள்ளியம்மா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். கடிதத்தை என் கைக்குள் வைத்து மூடினார்.

---

நானா அந்தக் கடிதத்தை ஒன்பதாம் எண்ணில் கோத்துக் கொடுத்தார். வரிக்கும் வரிக்கும் நடுவே முன்னதைவிட அதிக இடம் விடச் சொன்னேன். நீண்ட வார்த்தைகளை வரியோரத்தில் உடைக்கக்கூடாது என்றேன். அச்சுக்கோக்கிறவர்கள் எழுத்தைப் பார்ப்பார்கள், பொருளைப் பார்ப்பதில்லை என்று நானா எப்போதும் பெருமையடிப்பார். அன்றைக்குப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. தாளைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மூணாம் எண்ணுல அந்தப் புள்ளைக்குப் பத்திரிகை அடிச்சுக் குடுத்தேனே தங்கச்சி" என்றார். கூலி வாங்க மறுத்தார். நானா கூலி வாங்க மறுத்ததற்கு நானும் தங்கமணியும் மட்டுமே சாட்சி.

வியாழக்கிழமை மாலை கார்த்திகேசு எங்களுக்காகக் காத்திருந்தார். மேசைமேல் மேனேஜருக்கு எழுதிய புகார் இருந்தது. அதன் பக்கத்தில், கல்யாணம் கட்டாயம் நடைபெறும் என்று இன்னொரு நோட்டீஸ் அடிப்பதற்கான ஆர்டர் பாரம். மறுபடி மயிலிறகுதான் கேட்டிருந்தார். கலாவதி சுவரோரமாக நின்றாள். வள்ளியம்மா அடுப்படி வாசலில்.

"என்னம்மா, கிராணி பேர எழுதியாச்சா?"

"சிவானந்தம் இல்லைங்க ஐயா. அது உறுதி."

"பின்ன எவன்?"

கைப்பையிலிருந்து தாளை எடுத்தேன். மண்டோர் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. தாளைப் பிடித்தபடி நின்றேன். அடுப்படி வாசலில் யாரும் அசையவில்லை. போகட்டும், நான் செய்யாததைச் செய் என்று இன்னொருத்தியிடம் கேட்க நான் யார் என்று நினைத்துக்கொண்டேன். தாளை மடிக்கப் போனேன்.

"இங்க குடும்மா" என்றார் வள்ளியம்மா.

கார்த்திகேசு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பற்றி வள்ளியம்மா சொன்னது மிகையில்லை.

"அவகிட்ட குடுத்து? அடுப்பெரிக்கவா?"

வள்ளியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். முகத்துக்கு நேரே பிடித்தார். முதல் சொல்லில் குரல் மெல்லியதாக வந்தது. இரண்டாவது சொல்லிலிருந்து தெளிந்துவிட்டது.

"'மரியாதைக்குரிய மண்டோர் அவர்களுக்கு. தம்பி தங்கராஜுவின் செகிஞ்சான் விஷயமாக நீங்கள் கேட்டிருந்தீர்கள்...'"

கார்த்திகேசுவின் சிரிப்பு உதட்டிலேயே இருந்தது. அதைக் கழற்றி வைக்க அவருக்கு மறந்துபோயிற்று. வள்ளியம்மா வேகமாகப் படிக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. மனைவி என்ற சொல்லை மற்றச் சொற்களின் அளவிலேயே படித்தார். குழந்தைக்கு வயது மூன்று என்பதைப் படித்தார். திருப்பணியைப் படித்தார், கல்வெட்டைப் படித்தார். ஓரிடத்திலும் தடுக்கவில்லை. கடைசி வரிக்கு வந்தார்.

"'இந்த விஷயம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிய வேண்டாம்.'"

மகளின் வாழ்க்கையைப் பற்றி ஒரு தகப்பன் இப்போது ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். எனக்கு இன்னும் இப்படிப்பட்ட நம்பிக்கைகள் உண்டு.

"ஒனக்கு எவன்டி படிக்கச் சொல்லிக் குடுத்தான்?" என்றார் கார்த்திகேசு.

"தையல் டீச்சரு" என்றார் வள்ளியம்மா.

தங்கமணி மேசைமேலிருந்த புகாரை எடுத்தாள். "ஐயா, இதையும் அக்காகிட்ட குடுத்து மேனேஜரு முன்னால படிக்கச் சொல்லவா? நல்லாப் படிக்கிறாங்க லா."

தங்கமணி புகாரை நாலாக மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை.

கலாவதி சுவரை விட்டு நகர்ந்து வந்தாள். புது நோட்டீஸின் ஆர்டர் பாரத்தை எடுத்து, துணி மடிப்பதுபோல ஓரங்களைச் சரிபார்த்து மடித்து, நிதானமாக இரண்டாகக் கிழித்தாள். பிறகு தாய்க்குப் பக்கத்தில், தாளில் இருப்பது தனக்கும் தெரியும்படி, ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னொரு தடவ படிம்மா" என்றாள். "அப்பாவுக்குச் சரியாக் கேக்கல."

வள்ளியம்மா தாளை மேசைமேல் விரித்து வைத்தார். யாரும் இடம் காட்டவில்லை. முதல் வரியில் விரலை வைத்தார்.